எல்லாருக்கும் முப்பத்தேழு

ஆரோக்கியநாதன் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஜெலுத்தோங்கிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, பினாங்கில் ஒரு மனநோய் வார்டில் பத்தொன்பது வருஷமாக அட்டெண்டர் வேலை பார்த்தான். டாக்டர்மார் வந்தார்கள், போனார்கள். அவன் மட்டும் அங்கேயே கிடந்தான். நோயாளி ஒருவன் கட்டையாக இறுகிப் போனால், அது எப்படிப்பட்ட இறுக்கம் என்று கை வைத்தே சொல்லிவிடுவான். அந்தக் கை செய்த இன்னொரு வேலையைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

வார்டில் இருபத்தெட்டுக் கட்டில். காலை ஆறு மணிக்கு ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் பார்த்துக் கால்மாட்டுச் சீட்டில் எழுத வேண்டும். அந்த வார்டில் தெர்மாமீட்டரை வாயில் வைத்தால் கடித்துவிடுவார்கள், கக்கத்தில் வைத்தால் பிடுங்கி எறிவார்கள். ஒவ்வொன்றாக உடைந்து, கடைசி ஒன்றும் ஒருநாள் உடைந்தது. உடைந்ததைச் சொன்னால் யார் உடைத்தது, எப்படி உடைந்தது என்று நாலு கடுதாசி எழுதச் சொல்வார்கள். ஆரோக்கியநாதன் சொல்லவில்லை. பேனாவை எடுத்து இருபத்தெட்டுச் சீட்டிலும் முப்பத்தேழு, அதாவது காய்ச்சல் இல்லை, என்று எழுதிவிட்டுப் பசியாறப் போனான். யாரும் கேட்கவில்லை. அதுவே வழக்கமாகிவிட்டது.

கடலுக்குக் குறுக்கே பினாங்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. நாகநாதன் மறுபடியும் வந்து சேர்ந்தான். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். இருபத்தைந்து வயதில் காதில் குரல் கேட்கத் தொடங்கி வேலை போனது. அவனைக் கட்டி மேய்த்தது அக்காள் ஞானாம்பிகை. அக்கரையில் செபராங் ஜெயாவிலிருந்து பெர்ரி ஏறி, சோற்றுத் தூக்கோடு வருவாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், படித்த குடும்பம். ஆரோக்கியநாதனை "அட்டெண்டர்" என்பாளே தவிர, பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த முறை நாகநாதன் கத்திக்கொண்டு வந்ததால் அடக்குகிற ஊசியைக் கூட்டிப் போட்டார்கள். ஐந்தாம் நாள் ஊமையாகி இறுகிப் போனான். வார்டில் யாரும் அசரவில்லை. இதற்கு முன்னும் இரண்டு தடவை அப்படிக் கிடந்து எழுந்தவன்தான்.

முகம் துடைக்கப் போன ஆரோக்கியநாதன் கையை இழுத்துக்கொண்டான். உடம்பு சுட்டது. சட்டை பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது. மூன்று நாளாகவே வெதுவெதுப்பாகத்தான் இருந்தான். புழுக்கம் என்று இவன் விட்டுவிட்டான்.

டாக்டர் சுலைமான் ரவுண்ட் வந்தார். இளம்பிள்ளை, கம்போங் கோலாமில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம்.

"டாக்டர், பன்னெண்டாம் கட்டிலு கொதிக்குது. இறுக்கமும் பழைய மாதிரி இல்ல. முந்தி கையத் தூக்கிவிட்டா தூக்கின எடத்திலயே நிக்கும், மெழுகு மாதிரி. இப்ப வளைக்கவே முடியல. தண்ணிப் பைப்பு மாதிரி இருக்கு."

"பார்க்க ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே. வியாதியில வந்த இறுக்கம்னா ஊசியத் தொடரணும். ஊசியாலயே வந்த இறுக்கம்னா அந்த நிமிசமே நிப்பாட்டணும், இல்லாட்டி ஆளு போயிடுவாரு. ஆனா அதுக்குக் காய்ச்சல் இருக்கணுமே." சீட்டை எடுத்துப் புரட்டினார். "இன்னைக்கு முப்பத்தேழு. நேத்து முப்பத்தேழு. முந்தாநாளும் அதான். எங்க காய்ச்சல்? ஃபேன் ரெண்டு நாளா ஓடல, எனக்குந்தான் உடம்பு கொதிக்குது லா."

சீட்டு பொய் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆரோக்கியநாதனுக்குப் பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம். துண்டை நனைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனான். பத்து மணிக்கு நாகநாதனுக்கு அடுத்த ஊசி. கையைப் பிடித்துக் கொடுத்தவனும் அவனேதான்.

மறுநாள் காலை சிறுநீர்ப் பாத்திரத்தை எடுத்தான். பால் விடாத கோப்பி ஓ போலக் கறுப்பாக இருந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. பக்கத்து வார்டுக்கு ஓடித் தெர்மாமீட்டர் வாங்கி வந்து, அசையாத அந்தக் கக்கத்தில் வைத்தான். நாற்பத்தொன்று.

டாக்டர் ஓடி வந்தார். "நேத்து முப்பத்தேழு, இன்னைக்கு நாப்பத்தொண்ணா? திடீர்னு வந்ததுன்னா நெஞ்சில சளியா, மலேரியாவான்னு தேடணும். எப்பலேருந்து சொல்லுங்க!"

"நாலு நாளா இருக்கு. அந்த முப்பத்தேழெல்லாம் நான் பார்க்காம எழுதினது, டாக்டர்."

"எத்தனை நாளா?"

"ஒரு வருசமா. எல்லாருக்கும்."

டாக்டர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு ஊசியை நிறுத்தச் சொல்லி எழுதி, தள்ளுகட்டிலைத் தானே இழுத்தார். உடம்பு வியாதி பார்க்கும் பெரிய வார்டில் ஐஸ் வைத்தார்கள், நரம்பில் தண்ணீர் ஏற்றினார்கள். சிறுநீரகம் அதற்குள் செத்துவிட்டது. அங்கே போன ஐந்தாம் நாள் நாகநாதனும் போனான்.

"முந்தின நாளே சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாரு," என்றார் டாக்டர், முகத்தைப் பார்க்காமல்.

விசாரணை நடந்தது. ஆரோக்கியநாதனைத் துணி வெளுக்கும் பகுதிக்குத் தள்ளினார்கள். வார்டுக்கு ஆறு புதுத் தெர்மாமீட்டர் வந்தது. உடையக்கூடாது என்று அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சீட்டில் இப்போதும் முப்பத்தேழுதான் விழுகிறது, வேறு கையெழுத்தில்.

ஒரு மாதம் ஆகும்போது ஞானாம்பிகை வெளுப்புப் பகுதியைத் தேடி வந்தாள். கையில் தூக்கு இல்லை.

"ஆரோக்கியநாதன் நீங்கள்தானே? டாக்டர் சொன்னவர், காய்ச்சலை முதல்ல கண்டது நீங்களாம். அத்தனை பேர் இருந்தும் என்ர தம்பியைத் தொட்டுப் பார்த்தது நீங்கள் ஒராள்தான். வாற வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. நீங்கள் வந்து சாப்பிட வேணும்."

டாக்டர் பாதிதான் சொல்லியிருந்தார். இரக்கப்பட்டுச் சொன்னாரோ, தன்னையும் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாரோ. பேசாமல் தலையாட்டிவிட்டால் போதும். இலை போட்டுப் பெயர் சொல்லிப் பரிமாறுவாள்.

"அக்கா, நாலு நாளா காய்ச்சல் இருந்திருக்கு. இல்லன்னு எழுதினது நான்தான், பார்க்காமலே. தொட்டுப் பார்த்த பொறகும் சீட்டு பொய்னு சொல்லாம ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பென்ஷன் போயிடும்னு."

வெளுத்த துணியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"பென்ஷன் போச்சுதோ?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"அப்ப நீங்கள் வரவேண்டாம், அட்டெண்டர்."

அவள் பெர்ரிக்குப் போனாள். அவன் குனிந்து அடுத்த விரிப்பை எடுத்து மடித்தான்.