அடித்தால்தான் கிளம்பும் வண்டி

தெருவில் அவளைத் தையல்காரி என்பார்கள், அவள் புருஷனை வண்டிக்காரன் என்பார்கள். அந்த வீட்டில் சோறு போட்டது தையல் மெஷின். தின்று தீர்த்தது வண்டி. இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் வீட்டு வாசல் கதவே சாட்சி. அவன் உதைத்த இடத்தில் பலகை இன்னும் உள்வாங்கித்தான் கிடக்கிறது.

வண்டி என்றால் சின்ன வண்டி இல்லை. எட்டுப் பேர் காலை நீட்டி உட்காரலாம், சீட்டை மடக்கினால் ஒரு பீரோவைப் படுக்கப் போடலாம். யாரோ ஒரு பெரிய காண்டிராக்டர் ஓட்டி ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்டதை, மலிவாக வருகிறதே என்று வாடகை ஓட்ட இவன் வாங்கினான். மலிவாக வந்தது வண்டி மட்டும்தான். அதன் டயர் மலிவில்லை, ஆயில் மலிவில்லை, அது மடமடவென்று குடிக்கும் பெட்ரோல் சுத்தமாக மலிவில்லை.

முதலில் ரேடியேட்டர் ஒழுகியது. கொதித்துக்கொண்டிருந்த வண்டியின் மூடியை ஆத்திரத்தில் அப்படியே திறந்து நெஞ்சைச் சுட்டுக்கொண்டான். வெந்த நெஞ்சோடு வீட்டுக்கு வந்து, தண்ணீர் கொண்டுவரத் தாமதம் என்று செம்பை அவள்மேல் விட்டெறிந்தான். ரேடியேட்டருக்கு அவள் கழுத்துச் சங்கிலி போனது. அடுத்து கியர்பாக்ஸ் நழுவியது. கடைவீதியில் ஒரு சின்னக் கடை பிடிக்க அவள் சிறுகச் சிறுகச் சேர்த்த அட்வான்ஸ் அதில் போனது. பிறகு பின்பக்க சஸ்பென்ஷன் செத்து, வண்டி நாய் குந்தியது போல வாசலில் உட்கார்ந்துகொண்டது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று படுத்துக்கொள்ளும்.

மெக்கானிக் நல்ல மனுஷன். "அண்ணே, வித்துடுங்க. இப்ப நீங்க வண்டிய ஓட்டல, வண்டிதான் உங்கள ஓட்டுது" என்று தமாஷாகச் சொன்னான். சிரித்துவிட்டுப் போகவேண்டிய பேச்சு. இவன் கையிலிருந்த ஸ்பேனரை அவன் தாடையில் இறக்கினான். இரண்டு பல் தெறித்து விழுந்தது. அன்றோடு எந்த ஒர்க்‌ஷாப்பும் இவன் வண்டியை உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு வண்டிக்கு டாக்டரும் இவன்தான், கசாப்புக்காரனும் இவன்தான்.

இவன் பார்த்த வைத்தியம் எல்லாம் அடிதான். மீட்டர் எரியாவிட்டால் டேஷ்போர்டில் ஒரு குத்து. கதவு திறக்காவிட்டால் ஒரு உதை. அடித்தால் வேலை செய்தது, அதுதான் கேடு. எதற்கும் இது ஒன்றே மருந்து என்று அவன் மண்டையில் ஏறிவிட்டது. அடிக்காமலே ஒழுங்காக வேலை செய்தது ரிவர்ஸ் போட்டால் கத்தும் பீப்பர் மட்டும்தான்.

கடைசியில் ஸ்டார்ட்டர் மோட்டார் படுத்தது. அது ஆட்டோமேட்டிக் வண்டி, தள்ளிக் கிளப்பவும் முடியாது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். அவள் டிரைவர் சீட்டில் ஏறிக்கொள்வாள். அவன் சுத்தியலோடு முன் சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் நுழைந்து மல்லாந்து படுத்துக்கொள்வான். "திருப்பு" என்பான். அவள் சாவியைத் திருப்பிப் பிடிப்பாள், டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அவன் மோட்டாரில் ஒரு போடு போட்டதும் இன்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பும். தினமும் காலையில் இந்தக் கூத்து நடந்தது.

கியர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இல்லாவிட்டால் இன்ஜின் கிளம்பக்கூடாது என்று வண்டி செய்தவன் ஒரு சுவிட்ச் வைத்திருந்தான். அது பழுதானபோது, புதிது வாங்குவது தண்டம் என்று இரண்டு ஒயரையும் முறுக்கி ஒட்டிவிட்டான் இவன். ஆக, எந்தக் கியரில் இருந்தாலும் வண்டி கிளம்பும். ஹேண்ட் பிரேக் எப்போதோ செத்துவிட்டது. எல்லாம் தெரிந்தும் தினமும் அடியில் போய்ப் படுத்தான். மேலே உட்கார்ந்திருப்பது தன் பெண்டாட்டிதானே என்ற தைரியம்.

ஒரு நாள் சாயங்காலம் விஷயம் முற்றியது. டயர் நாலும் மொட்டையாகிவிட்டது, ஏ.சி.யும் போய்விட்டது. புழுங்குகிற வண்டியில் ஏறச் சவாரிகள் மறுத்தார்கள். அவன் அவளுடைய மோட்டார் வைத்த தையல் மெஷினுக்கு விலை பேசி முடித்துவிட்டு வந்தான். பள்ளிக்கூடச் சீருடை தைத்து அவள் குடும்பத்தை நிமிர்த்திப் பிடித்திருந்த மெஷின் அது.

"இத மட்டும் விட்டுடுங்க. இது போச்சுன்னா நான் இந்த வீட்ல ஒண்ணுமே இல்ல" என்றாள்.

அதுவரை எதற்கும் குறுக்கே நிற்காதவள் அன்று மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவன் புறங்கையால் அறைந்தான். உதடு கிழிந்து, தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகள்மேல் ரத்தம் தெறித்தது. அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை. கூந்தலைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தான். பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியின் பின்னால் ஏற்றிவிட்டு வந்து, சாப்பாடு போடச் சொன்னான். அவள் போட்டாள்.

விடிந்ததும் மெஷினை ஒப்படைக்கக் கிளம்பினான். ஒன்றுமே நடக்காதது போல அவளைக் கூப்பிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தான். அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறினாள். உதடு வீங்கியிருந்தது. கண்ணாடியில் பின்னால் மெஷின் தெரிந்தது. கீழே எட்டிப் பார்த்தால் அவனுடைய இரண்டு கால்கள் தெரிந்தன. அந்தக் கால்கள் அவள் விலாவுக்கு நன்றாகப் பழக்கம்.

"திருப்பு" என்றான் அடியிலிருந்து.

அவள் சாவியைப் பாதி மட்டும் திருப்பி வைத்து, பிரேக்கை ஒரு கணம் மிதித்து, பார்க்கிங்கில் இருந்த கியரை ஒரே ஒரு படி இழுத்து ரிவர்ஸில் போட்டாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். பீப்பர் கத்த ஆரம்பித்தது. அது மூன்றாவது தடவை கத்துவதற்குள் சாவியை முழுக்கத் திருப்பிப் பிடித்தாள்.

டிக்.

அவ்வளவுதான். இன்ஜின் கிளம்பவில்லை. பீப்பர் சத்தம் கேட்டு, அடியில் அவன் ஓங்கிய சுத்தியல் ஓங்கியபடியே நின்றுவிட்டது. அவன் தலைமாட்டில் ஒரு முழத்தில் முன் சக்கரம். பழக்கதோஷத்தில் அந்த ஒரு போடு போட்டிருந்தால், இரண்டு டன் இரும்பு அவன்மேல் ஏறியிருக்கும். வாழ்க்கையில் அவன் அடிக்காமல் விட்ட அடி அது ஒன்றுதான்.

அவள் சாவியை விடவில்லை. விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் முழங்கை கிழிய, முதுகைத் தேய்த்துக்கொண்டு வெளியே உருண்டு வந்தான். எழுந்து மதில் சுவரோடு ஒட்டிக்கொண்டான். கையில் சுத்தியல் இருந்தும் அதை உயர்த்தத் தோன்றவில்லை. அவன் முகத்தில் பயத்தை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். பார்க்க இனித்தது. இத்தனை வருஷத்தில் எதுவும் அவளுக்கு அப்படி இனித்ததில்லை. இனிக்கிறதே என்று தெரிந்த அந்த நொடியில்தான் அவள் விரலை எடுத்தாள். சாவியை ஆஃப் செய்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

"மெஷின இறக்குங்க" என்றாள்.

இறக்கினான். தெருவில் போன காய்கறித் தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட்டு, தன் அக்கா வீடுவரை மெஷினைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அவர் அவள் உதட்டைப் பார்த்தார், அவன் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார், கூடைகளை ஓரமாகத் தள்ளி இடம் செய்தார். ரத்தம் படாத சட்டைகளை மட்டும் அவள் மூட்டையாகக் கட்டி மெஷின் பக்கத்தில் வைத்தாள்.

தள்ளுவண்டி நகரும்போது அவன் பின்னாலேயே வந்தான். கெஞ்சினான். அப்படி ஒரு குரல் அவனுக்கு இருந்ததே அவளுக்குத் தெரியாது.

"போகாத. இனிமே உன்மேல கை ஓங்க மாட்டேன். சத்தியமா."

அவள் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க ஓங்க மாட்டீங்க, தெரியுது. ஆனா நான் திரும்பவும் சாவியத் திருப்பிடுவேன். அதுக்குத்தான் போறேன்."