கோவாரிக் அம்பயரிடம் என்ன சொன்னார்?

டுவேன் கோவாரிக் கல்லூரி நாட்களில் பேஸ்பால் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தைப் பிடிப்பது அவர் வேலை; அம்பயர் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பார். எறிகிறவர் லைல் ஸ்வோபோடா. இருவரும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரே ஆற்றின் எதிரெதிர்க் கரைக்காரர்கள்.

நல்ல பந்தை அம்பயர் தவறென்று சொன்னால் லைல் தொப்பியைத் தரையில் அடிப்பார். டுவேன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கேட்சர் திரும்பி நின்று வாதாடினால் அது அம்பயரைக் கூட்டத்தின் முன் அவமதித்ததாகிவிடும். பிறகு அன்று எதுவும் கிடைக்காது. டுவேனின் முகம் நேராகவே இருக்கும். கம்பி முகமூடிக்குள் உதடு மட்டும் அசையும். சற்று நேரத்தில், அதே இடத்துக்கு வந்த பந்து நல்ல பந்தாகிவிடும்.

"என்னடா சொன்ன அந்த ஆளுகிட்ட?" என்று லைல் துளைப்பார்.

"பொண்டாட்டி சௌக்கியமான்னு கேட்டேன்."

"போடா புளுகா!"

கல்லூரி முடிந்தது. டுவேன் ஊருக்கு வந்து கவுண்டி என்ற உள்ளூர் நிர்வாகத்தின் சாலை செப்பனிடும் வண்டி ஓட்டினார். பிறகு கவுண்டிக் குழுவுக்கே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். லைல் சோளம் போட்டார். அந்த உதட்டசைவு மட்டும் அவர் மனதில் முள்ளாகவே கிடந்தது.

ஒரு வசந்தத்தில் பனிக்கட்டி வெள்ளம் ஆற்றுப்பாலத்தில் மோதியது. பாலத்தை மூட வேண்டும் என்று மாநிலப் பொறியாளர் ஹால்வர்சன் வந்து சொன்னார். சிறுநீரகம் கெட்டுப்போன லைலின் மனைவி நார்மா, ரத்தச் சுத்திகரிப்புக்கு அந்தப் பாலம் வழியாகத்தான் டவுனுக்குப் போய்வந்தாள். சுற்றுவழியில் போனால் அவள் உடம்பு தாங்காது.

தீயணைப்பு நிலையத்தில் கூட்டம். உட்கார இடமில்லாமல் லைல், டுவேனின் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றார். ஊரே கத்தியது. டுவேன் கையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தையே பார்த்தபடி ஹால்வர்சன் பக்கத்தில் இருந்தார்.

"டுவேன், வாயில என்ன, கொலாச்சே ரொட்டிய அடச்சு வச்சிருக்கியா? பேசுய்யா!" என்று ஏலக்காரர் போஹாச் கூவினார். சிரிப்பு எழுந்தது.

அப்போதுதான் லைலுக்கு டுவேனின் அந்த முணுமுணுப்பு கேட்டது.

"மூடறது உங்க தீர்ப்பு சார், நான் மறுக்கல. கார் எடையக்கூடத் தாங்காதான்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்."

ஹால்வர்சன் காகிதத்திலிருந்து தலை தூக்கவில்லை. "தாங்கலாம். மறுபடி அளக்கணும். ஆனா இந்தக் கூச்சல்ல சொன்னா, பயந்து வளைஞ்சுட்டான்னு பேசுவாங்க."

"இப்ப சொல்லாதீங்க. மூடிடுங்க. என்னைத் திட்டட்டும். ஆள் இல்லாதப்ப வாங்க, அளப்போம்."

லைல் ஒரு சொல்லும் விடாமல் கேட்டுவிட்டார். அம்பயரிடமும் இவ்வளவுதானா! கெஞ்சவும் இல்லை, வாதாடவும் இல்லை. அந்த ஆள் மனம் மாற இடம் விட்டிருக்கிறார், அவ்வளவே.

சில நாளில் காரும் ஆம்புலன்ஸும் போகலாம் என்று பலகை வந்தது. தானிய லாரிகளுக்குத் தடை நீடித்தது. அறுவடையில் சுற்றிச் சுற்றி ஓடிய விவசாயிகள், வாயே திறக்காத டுவேனைத் தேர்தலில் தோற்கடித்துப் போஹாச்சை உட்காரவைத்தார்கள்.

"நான் கேட்டத ஊருக்குச் சொல்லப்போறேன்," என்றார் லைல்.

"வாய மூடு. ஹால்வர்சன் தலை குனிய வேண்டியதாயிடும். புதுப் பாலத்துக்கு அவரு கையெழுத்து வேணும்டா."

"அந்தப் பேரு போஹாச்சுக்குல்ல போகும்?"

"போகட்டுமே. நார்மா அதுலயும் போவாளே."

புதுப் பாலம் வந்தது. கல்வெட்டில் போஹாச் பெயர்தான். நார்மா மேலும் சில வருடங்கள் அதில் போய்வந்தாள்.

இந்தக் குளிர்காலத்தில் டுவேன் இறந்தார். ஓய்வுபெற்ற ஹால்வர்சன் மாநிலத் தலைநகர் லிங்கனிலிருந்து வந்திருந்தார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், அடக்கத்துக்குப் பிந்திய சாப்பாட்டில், லைல் அவரருகே போய் உட்கார்ந்தார்.

"அளக்கப் போனீங்களே, அன்னிக்கு என்ன சொன்னான்?"

"ஒண்ணுமே சொல்லல. டேப்போட அந்தப் பக்கத்து முனையைப் பிடிச்சுக்கிட்டு, தண்ணியில நின்னாரு."

"அந்தக் கூட்டத்துல நீங்க ரெண்டு பேரும் பேசினது என் காதுல விழுந்துச்சு. இப்ப அத ஊருக்குச் சொன்னா உங்களுக்குச் சங்கடமா?"

"சொல்லுங்க," என்றார் ஹால்வர்சன்.

லைல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். போஹாச் இருந்த மேசைக்கே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.