ரப்பர் பாலில் வளர்ந்த சாமி

கடவுள் இல்லை என்ற விஷயத்தை என் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈப்போவில் கண்டுபிடித்தார். பழைய காகிதக் கடையில் பொட்டலம் மடிக்கக் காத்துக்கிடந்த ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கிவந்திருந்தார். அட்டையும் முதல் பத்துப் பதினைந்து பக்கங்களும் கிழிந்துபோயிருந்ததால் எழுதியவர் பெயர் எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. ஜெர்மனி தேசத்துத் தத்துவ ஞானி என்று மட்டும் உள்ளே எங்கேயோ போட்டிருந்ததாம். மாமா அவரை ‘ஜெர்மன்காரர்’ என்றே சொல்லுவார், என்னவோ அவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்வீட்டில் குடியிருப்பவர் மாதிரி.

மாமா, அம்மாவுடைய தம்பி. அம்மா பால்மரம் வெட்டித்தான், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்கித்தான், அவரை ஈப்போ மிஷன் பள்ளியில் படிக்கவைத்தாள். படிப்பு முடிந்ததும் கோலா கங்சார் சாலையில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கே அவர் கிராணியாக வந்துவிட்டார். ஆபீஸில் எழுத்து வேலை. வெள்ளைக்காரத் தொரையிடம் இங்கிலீஷில் பேசத் தெரிந்த ஒரே தமிழர் அவர்தான் என்பதில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எனக்கு அப்போது எட்டு வயது. அடுத்த வருஷம் புல் வெட்டுகிற கும்பலில் சேர்த்துவிடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீஸுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் என்று ஒரு கொட்டகை இருந்தது. அதில் பையன்கள் மட்டும் உட்கார்ந்து கத்துவார்கள்.

மாமா சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பிட வருவார். சாப்பாட்டோடு ஜெர்மன்காரரும் வருவார். மனுஷன் தன் ஆசையையும் பயத்தையும், தன்னிடம் இருக்கும் அன்பையும்கூட, எடுத்து வெளியே வைத்துவிடுகிறான். அதற்குக் கண் மூக்கு வரைகிறான். பிறகு அதன் காலிலேயே விழுந்து, எனக்கு அதைக் கொடு இதைக் கொடு என்று கெஞ்சுகிறான். நாத்திகம் என்றால் சாமியைத் திட்டுவது இல்லை, வெளியே வைத்த நம் சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்வது. இப்படிப் போகும் பேச்சு. ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கொட்டகையில் வேலை செய்து கண் சிவந்திருக்கும் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப மழைய யாரு மச்சான் பெய்ய வைக்கிறா? ஒங்க ஜெர்மன்காரரா?” என்பார். மாமாவுக்குப் புரையேறும். அம்மா எந்தப் பக்கமும் பேசமாட்டாள். தன் தம்பிக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

வாயால் சொல்லி இவர்களைத் திருத்த முடியாது என்று மாமா முடிவுகட்டினார். ஆபீஸுக்குப் பின்னால் கிடந்த பழைய எல்லைக்கல் ஒன்றைத் தூக்கிவந்து, மரம் வெட்டப் போகிறவர்களின் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு காட்டுமரத்தடியில் நட்டார். மஞ்சளும் குங்குமமும் என் பொறுப்பு. அம்மாவின் சிமிழிலிருந்து பாதியை எடுத்துப்போனேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. எதன் மேல் செய்வது என்பதில் மாமா கொஞ்சம் திண்டாடினார். கடைசியில் அவருடைய பிஸ்கட் டின்மேல் செய்தேன். மாரியம்மன் திருவிழா வரை இந்தக் கல்லை ஊர் கும்பிடட்டும், திருவிழா அன்றைக்கு எல்லார் முன்னாலும் உண்மையை உடைத்துவிடுகிறேன் என்பது அவர் திட்டம்.

ஊர் ஏமாற்றவில்லை. மறுநாள் விடியற்காலை பேர் கொடுக்கிற பெரட்டு முடிந்து மரம் வெட்டப் போன பெண்களில் ஒருத்தி நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த நாள் ஐந்தாறு பேர். சாமி என்று ஆனபின் பாலாபிஷேகம் செய்யாமல் இருக்கலாமா? தோட்டத்தில் பசும்பாலுக்கு எங்கே போவது? பால் எடுத்துத் திரும்பும் வழியில் ஒருத்தி வாளியிலிருந்து கொஞ்சம் ரப்பர் பாலை எடுத்துக் கல்லின் தலையில் ஊற்றினாள். அதைப் பார்த்து எல்லாரும் ஊற்றினார்கள். ரப்பர் பால் வழிந்து ஓடிப்போகிற பால் இல்லையே. அங்கேயே உறைந்து தோலாகப் படிந்தது. அதன்மேல் இன்னொரு தோல். மூன்று வாரத்தில் கல்லுக்குத் தோளும் வயிறும் வந்துவிட்டன. நாற்றமும் வந்தது, ஆனால் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. “சாமி வளருது” என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாமாவின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நாம் ஊற்றுவதுதான் சாமியாக வளருகிறது என்று ஜெர்மன்காரர் எழுதியதை இவர்கள் பாலாலேயே எழுதிக்காட்டிவிட்டார்கள் என்று குதித்தார். என்னென்ன வேண்டுகிறார்கள் என்று கேட்டுவந்து சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தார். ஒரு வேண்டுதலுக்கு ஒரு பிஸ்கட். விறகு பொறுக்குகிற சாக்கில் கல்லுக்குப் பின்னால் இருந்த புதரில் உட்கார்ந்துகொள்வேன். வேலை சுலபம். பெண்கள் எல்லாரும் நன்றாகவே சத்தம்போட்டு வேண்டினார்கள். ஒருத்திக்கு, தன் மர நிரையில் புல் மண்டி பாம்பு வருகிறது. இன்னொருத்திக்கு, ஊரிலிருந்து ஆறு மாதமாகக் கடுதாசி இல்லை. மாமா நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே சிரிப்பார்.

ஒருநாள் அம்மா வந்தாள். அம்மாவின் வேண்டுதல் மற்ற எல்லாருடையதையும்விடச் சத்தமானது. “சாமி, ஆயாக் கொட்டகைக் கூரை ஒழுகுது. புள்ளைங்க தொட்டில்ல நனையுதுங்க. என் சின்னவனுக்கு நெஞ்சுல கர்கர்னு இழுக்குது. நீதான் பாக்கணும்.” வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகை அது. என் தம்பிக்கு எட்டு மாதம். இதையும் ஒரு பிஸ்கட்டுக்காக மாமாவிடம் ஒப்பித்தேன். அவர் பென்சில் நின்றுவிட்டது. அன்று சிரிக்கவில்லை. டின்னை அப்படியே என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான்கு நாளில் ஒரு வண்டி அத்தாப்பு ஓலை வந்து இறங்கி, கொட்டகைக்குப் புதுக் கூரை ஏறியது. மாமா தொரைக்குக் காகிதம் எழுதி, திட்டு வாங்கி, மறுபடியும் எழுதியிருந்தார். சின்னவனின் இழுப்பு நின்றது. உடனே கல்லுக்கு இரட்டை அபிஷேகம். மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கேட்டுவிட்ட காதை என்ன செய்ய முடியும்? பாம்பு வந்த நிரையில் புல் வெட்ட ஆள் போனது. தபால் பையின் அடியில் மடங்கிக் கிடந்த கடுதாசி உரியவளிடம் சேர்ந்தது. சாமியின் புகழ் பக்கத்துத் தோட்டம்வரை போய், அங்கிருந்தெல்லாம் ஆட்கள் பால் கொண்டுவந்தார்கள். நல்லது செய்யாமலும் அவரால் இருக்க முடியவில்லை. செய்யச் செய்யச் சாமி கொழுத்துக்கொண்டே போனது.

திருவிழா வந்தது. அன்றைக்கே சின்னவனுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதாக அம்மா நேர்ந்திருந்தாள். அதுவும் அந்தக் கல்லுக்கு முன்னால். முதல் முடி இறக்கத் தாய்மாமன் மடிதானே வேண்டும்? பட்டுத் துண்டு போர்த்தி மாமாவைக் கல்லுக்கு எதிரே உட்காரவைத்து, மடியில் குழந்தையைக் கொடுத்தார்கள். தோட்டமே சுற்றி நின்றது. மாமா உண்மையைச் சொன்னால் அம்மா உடைந்துபோவாளே என்று எனக்குப் பயம். சொல்லாமல் விட்டால் மாமா உடைந்துபோவார் போலிருந்தது.

நாவிதர் தண்ணீர் தடவும்போது மாமா குழந்தையோடு எழுந்துவிட்டார். “இது சாமி இல்ல. நான் நட்ட கல்லு!” என்று கத்தினார். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, யாரிடமோ பால்வெட்டுக் கத்தியை வாங்கி, ரப்பரை மேலிருந்து கீழே கீறினார். ஆரஞ்சுத் தோல் மாதிரி அது உரிந்து வந்தது. உள்ளே கறுப்பு மையில் ‘14’ என்று போட்டிருந்தது. “கூரைய மாத்துனது இந்தக் கல்லு இல்ல. காகிதம் எழுதுனது நானு. கேட்டா மனுஷன்தான் செய்வான், மனுஷன்கிட்ட கேளுங்க!”

அப்பாதான் முதலில் சுதாரித்தார். “சரி மச்சான், அப்பிடி எழுதணும்னு ஒங்களுக்குத் தோண வச்சது யாரு?” ஆண்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மாமா கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை. கல்லைப் பார்க்கவும் இல்லை. சின்னவன் முதல்முறை குப்புற விழுந்தபோது பார்த்த மாதிரி, தன் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் தலையைக் குனிந்து முந்தானையால் வாயை மூடியிருந்தார்கள். சிலருக்குத் தோள் குலுங்கியது. பாவம், அழுகிறார்கள் என்று நினைத்தேன்.

“கிராணி, உக்காருங்க. தல காஞ்சுபோச்சு” என்றார் நாவிதர். மாமா உட்கார்ந்தார். மொட்டை நடந்தது. காது குத்தும்போது சின்னவன் மாமாவின் பட்டுத் துண்டை நனைத்தான். உரித்த ரப்பர் தோலை நாங்கள் சுருட்டிப் பந்தாக்கிக்கொண்டோம். ஒரு வருஷம் ஆடினோம், அவ்வளவு நன்றாக எம்பும்.

மறுநாள் பழக்கதோஷத்தில் நான் புதருக்குப் போய் உட்கார்ந்தேன். கல் நம்பரோடு அம்மணமாக நின்றது. இனி யார் வரப்போகிறார்கள் என்று கிளம்ப இருந்தபோது அம்மா பால் வாளியோடு வந்தாள். கல்லின் தலையில் ஒரு சொட்டுப் பால் விட்டாள். பிறகு கல்லை விட்டுவிட்டு, நான் இருந்த புதர்ப் பக்கமாகத் திரும்பி, முன்பைவிடச் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

“சாமி. என் மகளப் புல்லு வெட்ட அனுப்பக் கூடாது. பையன்களோட அவளும் பள்ளிக்கூடத்துல உக்காரணும்.”

நேற்றுத்தான் எல்லாரும் பார்த்தோமே, வெறும் பதினான்காம் நம்பர் கல் அது. அதனிடம் போய் அம்மா ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. அவளுடைய சாமிக்குக் காது மந்தம்போல என்று நினைத்துக்கொண்டு, இதற்கும் ஒரு பிஸ்கட் உண்டே, மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று ஆபீஸைப் பார்த்து ஓடினேன்.