அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்த பொடி

திருவனந்தபுரத்தில் வசிக்கும் சைவக் குடும்பம் எங்களுடையது. இரண்டு சிறுநீரகமும் கெட்டு என் கணவர் டயாலிசிஸில் இருந்தார். ஒன்றை நான் கொடுப்பதென்று முடிவானது. அதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஜிம்மில் சேர்ந்தேன்.

எடை தூக்கத் திணறியபோது பயிற்சியாளர் கிரியாட்டின் பொடி தந்தார். "பயப்படண்டா சேச்சி. இறைச்சியிலயும் மீன்லயும் உள்ளதுதான். சைவம் சாப்பிடறவங்க உடம்புல குறைவா இருக்கும்" என்றார். இறைச்சி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. டப்பாவை அரிசிக்குப் பின்னால் ஒளித்துவைத்து, தினமும் மோரில் கலக்கிக் குடித்தேன்.

"மருந்து, பொடி ஏதாவது எடுக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது கணவர் பக்கத்தில் இருந்தார். இல்லை என்றேன்.

என் இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் கூடியிருந்தது. "உங்க கிட்னியும் சந்தேகமா இருக்கு. ஆபரேஷன் இப்போ வேண்டாம்" என்றார் டாக்டர்.

"உனக்கும் வந்துட்டுன்னா பிள்ளைய யாரு பாக்கது?" என்று கணவர் ஒருமுறை கேட்டார். அவர் கால் வீக்கம் நாளுக்கு நாள் ஏறியது.

பத்தாம் நாள் டப்பாவை டாக்டர் முன் வைத்தேன். தசையில் தங்கி, பளு தூக்கும்போது சக்தி தரும் அந்தப் பொடிதான் பிறகு கிரியாட்டினினாக மாறி இரத்தத்தில் சேர்கிறது என்று விளக்கினார். பொடியை நிறுத்திவிட்டு வேறு பரிசோதனையும் செய்தார்கள். என் சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. ஆனால் அதற்குள் கணவருக்கு நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு இன்னும் காத்திருக்கிறோம்.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்கும் முன்பே அந்தக் காலி டப்பாவை மேஜையில் வைக்கிறேன்.