ஃப்ளோரியன் விலகாத தேர்தல்

பஸ் வந்து நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போம் இல்லையா, அந்தத் துண்டுக்குக் கை கால் முளைத்தால் அதுதான் ஃப்ளோரியன் பெல்சார்.

வெஸ்ட் ஹேலி என்கிற சின்ன ஊரில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர் அவர். இருபத்தாறு வருஷம் ஓட்டினார். ஆறடி இரண்டு அங்குலம், கதவு நிலையில் தலை இடிக்காத நாள் கிடையாது. எல்லா உறுப்பும் சரியாக இருந்தது, ‘முடியாது’ என்று சொல்கிற உறுப்பு மட்டும் இல்லை.

அதைக் கட்சி கண்டுபிடித்துவிட்டது. கட்சி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். டுவேன் கெசலின் டயர் கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதில் நாலு மடக்கு நாற்காலி, அவ்வளவுதான். டுவேன்தான் தலைவர். தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் ஜூன் மாதத்துக்குள் ஊராரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். கையெழுத்துத் தாளில் ஒரு பெயர் அச்சாகியிருக்க வேண்டும். ஆனால் நிற்கக்கூடிய பெரிய மனிதர்கள் ஜூலை வரைக்கும் நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருப்பார்கள். அதுவரை தாளைச் சும்மா விட முடியுமா? ஃப்ளோரியன் பெயரைப் போடுவார்கள். பெரிய மனிதர் தலையாட்டியதும் ஃப்ளோரியன் விலகல் தாளில் கையெழுத்துப் போடுவார். ஜூன் மாதக் கையெழுத்துத் தாளின் அடியில் சின்ன எழுத்தில் மூன்று பேர் பெயர் இருக்கும். காலியான இடத்தில் வேறு ஆளை எழுத அந்த மூன்று பேருக்குத்தான் உரிமை. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும்.

டுவேன் ஒருவர், சவப்பெட்டிக் கடை நார்பர்ட் ஒருவர். மூன்றாவது ஆள் லாட்டி, ஃப்ளோரியனின் மனைவி. முதல் வருஷம் தாளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த நேரத்தில் அவள் காபித் தட்டோடு உள்ளே வந்தாள். தகுதி அதுதான்.

இப்படிப் பன்னிரண்டு முறை. மாவட்ட சபைக்கு, வரி மதிப்பீட்டுக்கு, ஒருமுறை பிரேதம் பார்க்கிற அதிகாரி பதவிக்குக்கூட. ரத்தத்தைக் கண்டால் தரையில் உட்கார்ந்துவிடுகிற ஆளுக்கு!

விலகல் தாளில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. டுவேன் அதில் எப்போதும் ‘சொந்தக் காரணங்கள்’ என்று முன்கூட்டியே அடித்துக் கொண்டுவருவார்.

“எனக்கு என்னடி சொந்தக் காரணம்?” என்று ஃப்ளோரியன் லாட்டியிடம் கேட்பார்.

“நீ சொரணை கெட்டவன்னு எழுத எடம் பத்தாது. அதான்,” என்பாள் அவள்.

அவர் சிரிப்பார். பேனாவை நக்கிவிட்டுப் போடுவார். பால்பாயின்ட் பேனாவை எதற்கு நக்க வேண்டும் என்று இவள் பதினெட்டு வருஷமாகக் கேட்டும் பதில் கிடைக்கவில்லை.

தொண்ணூற்றேழாம் வருஷம் வந்த பதவி வேறு மாதிரி. ஊர்ச் சாலை மேற்பார்வையாளர். எந்தத் தெருவில் பனியை முதலில் தள்ளுவது, எதில் கடைசியில் தள்ளுவது என்று முடிவு செய்கிற நாற்காலி. ஃப்ளோரியனுக்குத் தெரிந்த ஒரே நாற்காலி. டுவேன் மனதில் வைத்திருந்தது மார்சி டாலண்டை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள், நின்றால் ஜெயிப்பாள். ஆனால் ஜூலையில் அவள் அம்மா படுக்கையில். “இந்த வருஷம் என்ன விட்டுடுங்க,” என்றுவிட்டாள். வேறு யாரும் வரவில்லை. விலகும் தேதி தாண்டிப் போனது. அதற்கு மேல் செத்தால்தான் பெயரை எடுக்க முடியும், இல்லாவிட்டால் ஊரை விட்டே போக வேண்டும்.

அன்று சாப்பாட்டு மேஜையில் ஃப்ளோரியன் மெதுவாகச் சொன்னார். “இந்தத் தடவ யாரும் வரல, லாட்டி.”

“அப்ப நீதானா?”

“நான்தான் போல.”

மறுநாள் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, வெயில் என்றார். வெயிலாம்! ஒரு பழைய கடை ரசீதின் பின்னால் தெருப் பெயர்களை வரிசையாக எழுத ஆரம்பித்தார். முதலில் கூப்பர் தெரு. எப்போதும் கடைசியில் தள்ளும் தெரு அது, லாரி திரும்ப இடமில்லை என்று. பக்கத்திலேயே குறிப்பு: ‘கிழவர் டீட்ஸ், சிறுநீரகச் சிகிச்சை, செவ்வாய் வியாழன் சனி, காலை ஆறரை.’

செப்டம்பர் கடைசி வாரம், திங்கட்கிழமை காலை, லாரியின் முன்னால் பனியைத் தள்ளுகிற இரும்புக் கத்திக்கு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே கத்தியின் மேல் சாய்ந்துவிட்டார். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்து ஒருத்தன் பத்து நிமிஷம் கேலி பேசிக்கொண்டிருந்தானாம்.

வியாழக்கிழமை அடக்கம். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு டுவேன் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. சட்டைப் பையில் மடித்த தாள்.

“லாட்டி, எனக்கே வெக்கமாத்தான் இருக்கு. இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. அதுக்கு மேல ஓட்டுச் சீட்டு அச்சுக்குப் போயிடும்.”

“உக்காருப்பா. சாப்டியா?”

“சாப்பாடு கிடக்கட்டும். மார்சி அம்மாவுக்கு இப்ப பரவால்லயாம். நிக்கிறேன்னு சொல்லிட்டா. நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்.”

“நார்பர்ட் போட மாட்டாரா?”

டுவேன் தொப்பியைச் சுற்றினார். “உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னு காலைல அவங்க வீட்டுக்குத்தான் போனேன். அவர் பொண்டாட்டி மூஞ்சிலேயே கதவ சாத்திட்டா.”

“நார்பர்ட் செத்து ரெண்டு வருஷம் ஆச்சேப்பா. பூ வளையம் அனுப்பினது நீதானே?”

“ஜூன்ல பழைய தாளப் பாத்து அப்படியே அடிச்சிட்டேன், லாட்டி. கதவ சாத்தினப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு. வருஷா வருஷம் அதே மூணு பேருதானே.”

ஆக, காலியான இடத்தை நிரப்புகிற குழுவிலேயே ஒரு இடம் காலி. மிச்சம் இருந்தது டயர்க்காரரும் விதவையும்.

லாட்டி தாளை வாங்கிப் படித்தாள். மார்சி பெயர் பளிச்சென்று இருந்தது. “நல்ல பொண்ணு,” என்றாள். பிறகு விரல் ஒரு கட்டத்தில் போய் நின்றது. காரணம்: மரணம்.

“பதிமூணு தாள்ல இதுல மட்டும்தான் உண்மைய எழுதிருக்க.”

அவள் தாளை ரொட்டிப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். காபி போட்டாள். பழைய காபிப் பானை, அது குமிழி விட்டு இறங்கக் கால் மணி நேரம் ஆகும். அடக்கத்தில் மிஞ்சிய கோஸ் இலைச் சுருளைச் சூடு பண்ணினாள். துக்க வீட்டில் தட்டு வைத்தால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அந்த ஊரில் டயர் விற்கிறவனுக்குக்கூட அது தெரியும். டுவேன் சாப்பிட்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. நாலு பத்து ஆனது, நாலரை ஆனது. இன்னும் இரண்டு சுருள் விழுந்தது தட்டில்.

“லாட்டி, தேர்தல் ஆபீசுக்குப் போகவே பதினோரு நிமிஷம் ஆகும்.”

“நிதானமா மெல்லு.”

நாலு நாற்பதுக்கு அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். புரிந்துவிட்டது.

“நீங்க போட மாட்டீங்க.”

“மாட்டேன்.”

“இது சரியில்ல. செத்தவன் பேர வெச்சிட்டு எப்படி ஜெயிக்கிறது? ஃப்ளோரி இருந்திருந்தா கையெழுத்து போட்டிருப்பான். உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்பா. பன்னெண்டு தடவ போட்டான். கேட்டா பதிமூணாவதும் போட்டிருப்பான். அதான் அவன் போனதுக்கப்புறம் என்கிட்ட வந்திருக்கு.” அவள் ரொட்டிப் பெட்டியின் மேல் கையை வைத்தாள். “முடி வெட்டிக்கிட்டான், டுவேன்.”

டுவேனுக்கு அது புரிந்ததா இல்லையா தெரியவில்லை. தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் அவரே வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். தாள் ரொட்டிப் பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது. கடிகாரம் ஐந்து அடித்தபோது லாட்டி அடுப்பங்கரையில் நின்றபடியே அழுதாள். ஜெயித்த மாதிரி இல்லை. யாரோ ஒருத்தர் பொருளைத் திருடி ஒளித்து வைத்த மாதிரி இருந்தது.

நவம்பரில் தீயணைப்பு நிலையத்தில் ஓட்டு. திரை இழுத்துக்கொள்கிற பழைய இரும்புப் பெட்டி, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சின்ன நெம்புகோல். லாட்டி உள்ளே போய்த் திரையை இழுத்தாள். நாலாவது வரிசை. ஃப்ளோரியன் ஜே. பெல்சார். கறுப்பு மையில், எல்லாருடைய பெயர் அளவிலேயே.

வெளியே வரிசை நீண்டது. ஓட்டுச் சாவடிப் பெண் திரைக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். “லாட்டி, உள்ள எல்லாம் சரியா? பெட்டி மக்கர் பண்ணுதா?”

“இல்லம்மா. படிச்சிட்டிருக்கேன்.”

“படிக்க என்ன இருக்கு, மொத்தமே ஒம்போது பேருதானே?”

லாட்டி நெம்புகோலைக் கீழே இழுத்தாள். பெயரை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஃப்ளோரியன் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வாங்கித் தோற்றார். செத்த மனிதருக்கு அது அதிகம் என்றார்கள். மார்சி நின்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்திருப்பாள் என்றும் சொன்னார்கள், லாட்டி காதில் விழுகிற தூரத்தில் நின்றுதான். பழைய மேற்பார்வையாளரே திரும்ப வந்தார். வருஷா வருஷம் டயர் கடையிலிருந்து வரும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அந்த வருஷம் வரவில்லை.

டிசம்பர் இரண்டாவது செவ்வாய் ஏரிப் பக்கமிருந்து பனி அடித்தது, முழங்கால் அளவு. கூப்பர் தெருவை லாரி தொட மத்தியானம் ஆகும். எல்லாருக்கும் தெரியும். காலை ஐந்தரைக்கு லாட்டி ஃப்ளோரியனின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, உள்ளே இரண்டு ஜோடிக் காலுறை திணித்துக்கொண்டு, மண்வெட்டியோடு டீட்ஸ் வீட்டு வாசலில் நின்றாள். வெட்டினாள். வெட்ட வெட்டக் காற்று திருப்பிக் கொண்டுவந்து கொட்டியது. ஆறரைக்கு வாசலிலிருந்து தெரு வரை ஒரு கார் அகலத்துக்குப் பாதை. தெரு முழுக்க அப்படியே மூடிக் கிடந்தது. கிழவர் கோட்டு மாட்டிக்கொண்டு ஜன்னலில் நின்றார், போக முடியாமல்.

தெரு முனையில் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. உள்ளே வர முடியாது. மார்சி கதவைத் திறந்து கத்தினாள். “அவரக் கூட்டிட்டு வாங்க! புடிச்சிக்கிட்டு மெதுவா நடத்துங்க, நான் ஆஸ்பத்திரில எறக்கி விட்டுட்டுப் போறேன். பிள்ளைங்க கொஞ்சம் காத்திருக்கட்டும்.”

இரண்டு பேருமாக அவரை ஏற்றினார்கள். லாட்டிக்கு மூச்சு வாங்கியது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். மன்னிப்பாகத்தான் இருக்கும், மார்சி முந்திக்கொண்டாள்.

“நான் ஃப்ளோரியனுக்குத்தான் ஓட்டு போட்டேன்,” என்றாள் மார்சி, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. “கதவ சாத்தணும், தள்ளுங்க. குளிருது அவருக்கு.”

பேருந்து போய்விட்டது. வியாழனும் வரும், சனியும் வரும். லாட்டி திரும்பி நடந்தாள். அவள் வெட்டிய பாதையில் அதற்குள் கால் அங்குலம் பனி விழுந்திருந்தது.