தகரத்தைத் தட்டினால் வண்டி நிற்கும்

டெல்லி வெயிலில் தோல் ஜாக்கெட் போடுகிறவர்கள் இரண்டு வகை. முதல் வகை, புத்தி பேதலித்தவர்கள். இரண்டாவது வகை, என் கணவர் சேர்ந்திருக்கும் அமெரிக்க பைக் கிளப். முதல் வகையினர் சந்தா கட்டுவதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், மயூர் விஹாரில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே இவர் வண்டியைக் கிளப்புவார். மூன்று பிளாக் தள்ளித் தூங்குகிற குழந்தைகூட அலறிக்கொண்டு எழுந்துவிடும். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் எல்லோரும் கூட்டமாக ஹரியானாவில் இருக்கும் முர்த்தல் வரைக்கும் போய், வெண்ணெய் போட்ட பரோட்டா தின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சுதந்திரம். சுதந்திரம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதுகுக்குத் தைலம் தேய்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

பைக்கை ஓட்டுவதைவிட அதைப் பற்றிப் பேசுவதில்தான் கிளப்புக்கு ஆனந்தம். உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், ராணுவம் கழித்துக்கட்டிய மோட்டார் சைக்கிள்களை மலிவாக வாங்கி, மட்கார்டை வெட்டி, ஹேண்டிலை உயர்த்தி, தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டார்களாம். அதற்குப் பெயர் கஸ்டம். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மனிதனின் வாழ்க்கை இருக்கிறது என்பார் கிளப் தலைவர். அவர் குளியலறைக் குழாய் வியாபாரி. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கோயில் கர்ப்பகிருகத்துக்குள் நிற்பவர் குரலாக இறங்கிவிடும்.

என் கணவருக்கு கிளப்பில் ஒரு குறை இருந்தது. அவரிடம் இருந்தது புது வண்டி. பழைய வண்டிக்காரர்கள் உட்காரும் மேஜையில் அவருக்கு நாற்காலி கிடையாது. ஒரே தமிழர் வேறு, சாம்பார் ரைடர் என்று கேலி செய்வார்கள். இவரும் சிரித்து வைப்பார். வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுவார்.

அப்படி இருந்தவருக்குத்தான் போன வருஷம் மாயாபுரி பழைய இரும்புக் கடையில் புதையல் கிடைத்தது. போர்க்காலத்து அமெரிக்க மோட்டார் சைக்கிள். அசல் இன்ஜின், அசல் டாங்க், அசல் ஹேண்டில். ஆனால் பின்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சக்கரம். அதன்மேல் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு வைத்த ஒரு தகரப் பெட்டி, மேலே கூரை. இவர் முன்பக்கத்தை மட்டும் படம் பிடித்து கிளப்புக்கு அனுப்பினார். பின்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, ராணுவப் பச்சை அடித்து, அசல் அமெரிக்க வண்டியாக்கிக் குளிர்காலக் கண்காட்சியில் நிறுத்த வேண்டும் என்பது திட்டம்.

முழுப் படத்தையும் பார்த்தது எங்களோடு இருக்கும் என் அம்மா. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அம்மா வீட்டைவிட்டு இறங்கவில்லை. லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. பால்கனி நாற்காலிதான் அவளுக்கு டெல்லி. மருமகனின் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், “ஏ மாப்பிளே, இது நம்ம ஃபட்ஃபட்டியால்லா இருக்கு!” என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மா பல் தெரியச் சிரித்தாள்.

ஃபட்ஃபட்டி என்றால் பழைய டெல்லிக்காரர்களுக்குத் தெரியும். அமெரிக்க ராணுவம் விட்டுப்போன மோட்டார் சைக்கிள்களின் பின்பக்கத்தைக் கழற்றி, பெட்டி கட்டி, சர்தார்ஜிகள் ஷேர் டாக்ஸியாக ஓட்டினார்கள். கரோல் பாக்கிலிருந்து கனாட் பிளேஸுக்கு ஆபீஸ் போகிற குமாஸ்தாக் கூட்டம் முழுக்க அதில்தான் போகும். தொண்ணூறுகளின் கடைசியில், புகை கக்குகிறது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு டெல்லியில் புகையே கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த அம்மா, கரோல் பாக்கில் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் இருந்துகொண்டு மத்திய அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தாள். அப்பா சைக்கிள். அம்மா ஃபட்ஃபட்டி. ஆண்களின் முழங்காலும் டிபன் பாக்ஸும் இடிக்கிற அந்தப் பெட்டியில் ஓர மூலை அம்மாவுக்கு என்று ஆகிப்போனது. இன்ஜின் போடுகிற சத்தத்தில் டிரைவரிடம் எதுவும் சொல்ல முடியாது. இறங்க வேண்டுமென்றால் தகரத்தை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், வண்டி நிற்கும். இறங்குகிறவர்தான் தட்டலாம். அடுத்தவருக்காகத் தட்டினால் சர்தார்ஜியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

நான் பிறந்த அன்றும் அம்மா ஆபீஸுக்குத்தான் கிளம்பினாள். பாதி வழியில் வலி வந்துவிட்டது. மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து எதிர் பெஞ்சுக்காரர் முன்னால் எட்டித் தோளை உலுக்கிக் கத்த, சர்தார்ஜி வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். ஒரு குமாஸ்தாவும் நடுவில் இறங்கவில்லை. அத்தனை பேருக்கும் அன்றைக்கு ஆபீஸில் லேட் மார்க். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் அம்மா பழக்க தோஷத்தில் தகரத்தைத் தட்டினாளாம். சர்தார்ஜி நிறுத்தவே இல்லை. “பைட்டி ரஹோ பேட்டி,” உட்கார்ந்திரு மகளே என்று கத்தியபடி, காவலாளி ஓடி விலக, பிரசவ வார்டு படிக்கட்டு வரைக்கும் ஓட்டிப் போனார். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் நான் வந்துவிட்டேன். அப்பா சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது எனக்குத் துணி சுற்றி முடித்திருந்தார்கள்.

ஆகையால் பிறவி பைக்குக்காரர்கள் என்று இந்தக் கிளப்காரர்கள் மார்தட்டும்போது நான் பேசாமல் காபி ஆற்றிக்கொண்டிருப்பேன். இன்னும் கொஞ்சம் டிராஃபிக் இருந்திருந்தால் நான் அமெரிக்க மோட்டார் சைக்கிளிலேயே பிறந்திருப்பேன்.

அந்தத் தகரப் பெட்டியைத்தான் வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையின் வண்டி, மாப்பிள்ளையின் ஆசை. ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் பாதியை ஒதுக்கி வைத்தாள்.

அடுத்த வாரம் கிளப் தலைவர் வண்டியின் முழுப் படங்களையும் பார்க்க வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல ஹிந்தியில் பிரசங்கம். “பழைய கஸ்டம் வண்டியைத் திரும்ப ஒரிஜினல் ஆக்குவது மகா பாவம். ஒரு மனுஷன் மனசு வச்சு வெட்டி ஒட்டினதை அழிக்கிறதுக்கு நாம் யார்?” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “பாயிசாப், அப்போ இந்தப் பெட்டி என்ன? சர்தார்ஜி மனசு வச்சு வெட்டி ஒட்டினதுதானே?”

அவர் கண்ணைத் திறந்தார். “அது கஸ்டம் இல்லை பாபிஜி. அது ஜுகாட்.” ஜுகாட் என்றால், கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவது.

“அமெரிக்காக்காரன் தான் ஒருத்தன் ஜாலியா போறதுக்கு வெட்டினா கஸ்டம். நம்மாளு எட்டு பேர் ஆபீஸ் போறதுக்கு வெட்டினா ஜுகாடா?”

தலைவர் பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கொதிக்கக் கொதிக்க இருந்தது. அவர் போனதும் என் கணவர் குதித்தார். “அரே, என் மானத்தையே வாங்கிட்ட. இந்த ஒரு வண்டியாலதான் நானும் ஒரு ஆளா நிக்கப் போறேன். அது உனக்குப் பொறுக்கலையா?” அவர் ஏக்கமும் பொய்யில்லை, அதுதான் சங்கடம். கொஞ்ச நேரம் கழித்து பால்கனிக்குப் போய், “அத்தே, வெட்டறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு ரவுண்டு. நீங்க தட்டினதும் நிறுத்திடுவேன். அப்புறம் வெட்டிப்பேன். அச்சா?” என்றார்.

“சரி மாப்பிளே,” என்றாள் அம்மா.

இவ்வளவு சுலபமாக அம்மா எதற்கும் சரி சொல்லி நான் பார்த்ததில்லை.

வெட்டுக்கு நாள் குறித்தது ஒரு திங்கட்கிழமை. வண்டி நின்றிருந்த மெக்கானிக் கடை கரோல் பாக்கில். மார்க்கெட்டுக்கு அன்று விடுமுறை, சந்துகள் காலியாக இருக்கும். வெட்டுவதை வீடியோ எடுக்க கிளப் மொத்தமும் ஜாக்கெட்டோடு அங்கே ஆஜர். தலைவர் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். அவரும் என் கணவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து இரண்டு மாடி தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் தலைவர் மூச்சு வாங்கினார். “தீரே, தீரே,” மெதுவா மெதுவா என்று அம்மா அவரை மேய்த்துக்கொண்டே வந்தாள். கீழே டாக்ஸி நின்றிருந்தது.

பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் மெக்கானிக் கேஸ் கட்டரோடு தயாராக இருந்தார். இன்ஜினை ஏற்கெனவே ஓட வைத்திருந்தார். பதினைந்து வயதான பெட்ரோல் வண்டிக்கே டெல்லியில் தடை. இதற்கோ தாத்தா வயது. சந்துக்குள்ளேயே சுற்ற வேண்டும், மெயின் ரோட்டில் மூக்கை நீட்டக் கூடாது என்று என் கணவரிடம் கண்டித்துச் சொன்னார்.

அம்மாவை மூலையில் ஏற்றினோம். பக்கத்தில் நான். காலியாகப் போகக் கூடாது, ஃபட்ஃபட்டி நிறைந்தால்தான் கிளம்பும் என்றாள் அம்மா. ஆகவே தலைவரும் ஜாக்கெட்காரர்களும் முழங்காலை மடக்கிக்கொண்டு ஏறினார்கள். அம்மா தன் திருநெல்வேலி ஹிந்தியில் எல்லோருக்கும் சட்டத்தை அறிவித்தாள். இறங்குகிறவர்தான் தட்ட வேண்டும். வேறு யாரும் தகரத்தில் கை வைக்கக் கூடாது.

என் கணவர் உதைத்தார். ஃபட், ஃபட், ஃபட் என்று அந்தக் கிழம் எழுந்துகொண்டது. எலும்பெல்லாம் குலுங்கியது. அம்மாவின் இடுப்பை நினைத்து எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவோ கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூடிக் கிடந்த கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு சுற்று முடிந்தது. ஷட்டர் வாசலில் மெக்கானிக் கட்டரைத் தூக்கிக் காட்டினார். என் கணவர் வேகத்தைக் குறைத்தார். தட்டுச் சத்தம் வரவில்லை. மறுபடி முறுக்கினார்.

இரண்டாவது சுற்றும் அப்படியே. மூன்றாவதில் ஜாக்கெட்காரர்களுக்கு வியர்த்து வழிய ஆரம்பித்தது. தலைவரின் முழங்கால் அம்மாவின் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. “மாதாஜி, போதுமா?” என்று கெஞ்சினார். அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அதற்கப்புறம் எத்தனை சுற்று என்று யாரும் எண்ணவில்லை. பெட்ரோல் வாடையில் எனக்குக் குமட்டியது.

நான் அவள் காதுக்குள் கத்தினேன். “அம்மா, தட்டும்மா! இடுப்பு என்னத்துக்கு ஆகும்?”

அம்மா இரண்டு கையையும் மடியில் சேர்த்து இறுக்கிக்கொண்டாள். சின்னப் பிள்ளை மிட்டாயைப் பிடித்திருக்கிற மாதிரி.

“தட்டினா வெட்டிருவாங்கல்லா,” என்றாள்.

அம்மா என்ன சொன்னாள் என்று தலைவர் என்னைக் கேட்டார். ஹிந்தியில் சொன்னேன். அவர் அந்தத் தகரத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் எட்டி, என் கணவரின் முதுகைத் தட்டி, அந்தச் சத்தத்துக்குள் அதைக் கத்திச் சொன்னார்.

என் கணவர் திரும்பவில்லை. கழுத்தில் வியர்வை ஓடுவது மட்டும் தெரிந்தது. வண்டி மெக்கானிக் கடையைத் தாண்டியது. தாண்டிய பிறகு தலையைத் திருப்பாமலே கத்தினார்.

“வெட்டல அத்தே! பெட்டி அப்படியே இருக்கட்டும்! நீங்க தட்டுங்க!”

அம்மா அவரை உடனே நம்பிவிடவில்லை. இன்னும் ஒரு சுற்று போகவிட்டாள். மெக்கானிக் கட்டரின் குழாயைச் சுருட்டி உள்ளே வைப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள்.