அம்மாவின் காலுக்கு இரண்டு வள்ளம்

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். இது எனக்குப் பதினோராவது வேலையோ பன்னிரண்டாவதோ, சரியாக நினைவில்லை. நாடு என்று பார்த்தால் ஐந்தாவது. முதல் நாள் மேற்பார்வை செய்கிறவள் ஒரு சோடிச் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தாள். அச்சில் வார்த்த பிளாஸ்ரிக். முன்பக்கம் மூடியிருந்தது, பக்கங்களில் ஓட்டைகள், குதிக்குப் பின்னால் ஒரு பட்டி. கையில் எடுத்தால் பாரமே தெரியவில்லை. நான் அதைக் காலில் போடவில்லை. நேரே பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போய்த் தண்ணீரில் விட்டேன். மிதந்தது. நல்ல சப்பாத்து என்று சொல்லிப் போட்டுக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட எனக்கு, அவளுடைய மொழியில் அதை விளங்கப்படுத்தத் தெரியவில்லை. தெரிந்த மொழியில் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. நாங்கள் குருநகரில், கடற்கரையில் இருந்து மூன்றாவது ஒழுங்கையில் இருந்தோம். முந்தின வருடம் கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, மூன்று பேர்தான். மாமா மீன் பிடிப்பார், அம்மா அதை விற்பார். சண்டைக் காலமாகையால் ஆழக்கடலுக்குப் போக முடியாது. கரையை அண்டிய பரவைக்கடலில் ஒட்டி, ஓரா, திரளி என்று கரைமீன்கள் கிடைத்தால் உண்டு. எண்ணெய் இல்லாததால் பஸ்ஸும் இல்லை. அம்மா பனையோலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கொக்குவில் வரையும் வீடு வீடாக நடந்து விற்றுவிட்டு நடந்தே திரும்பி வருவார்.

அந்தக் கால்தான் பழுதாகியது. அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வலது பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் ஒரு புண் வந்து மாறாமல் நின்றது. அம்மாவுக்கு அது நோகவில்லை. நோகாததுதான் வில்லங்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. அம்மா கெட்டிக்காரி, அதனால் நோகவில்லை என்று நினைத்தேன். கல்லுக் குத்தினால் குத்தியது தெரியாது. வீட்டுக்கு வந்து, நிலத்தில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் தெரியும்.

பெரியாஸ்பத்திரி டொக்டர் நல்ல மனிதர், அலுத்துப்போனவர். ஒரு மாதத்துக்கு நடக்க வேண்டாம் என்றார். அப்படியென்றால் கடகம் யார் தலையில் போகும் என்று அம்மா கேட்டார். அப்படியானால் விரலிடுக்கில் வார் போகிற செருப்பு வேண்டாம், முன்பக்கம் மூடிய சப்பாத்து, பாரமில்லாதது, அடியில் கல்லு ஏறாதது போட்டு நடக்கச் சொன்னார் டொக்டர்.

"அடுத்த மாசம் இந்தப் புண் காயாமல் வந்தீங்களெண்டால் விரலோடை நிக்காது அம்மா. காலைத்தான் எடுக்க வேண்டி வரும்."

அதை அவர் எனக்கு முன்னால்தான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சப்பாத்துக்கு எங்கே போவது? தெற்கிலிருந்து எதுவும் வராத காலம். அயலில் ஒருவர் தந்த தோல் சப்பாத்து மீன் தண்ணீர் பட்டு, மூன்றே நாளில் ஊறிப் பிய்ந்தது. மரத்தில் செய்தால் பாரம். சைக்கிள் ரயரில் வெட்டித் தைத்தால் அதுவும் பாரம், வெயிலில் சுடும். அப்போதுதான் மாமா, பிளாஸ்ரிக்கை உருக்கி அச்சில் வார்க்கப் போவதாகச் சொன்னார். எங்கள் ஒழுங்கையே சிரித்தது.

மாமாவுக்கு வார்ப்பு வேலை புதிதல்ல. வலை தாழ்வதற்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளைக் கடற்கரையில் எல்லோரும் தாங்களே வார்ப்பார்கள். தகர டப்பாவில் ஈயத்தை உருக்கி, களிமண் அச்சில் ஊற்றினால் தீர்ந்தது. ஈயம் வார்க்கத் தெரிந்தவனுக்குப் பிளாஸ்ரிக் எம்மாத்திரம் என்பது மாமாவின் எண்ணம்.

அம்மாவைச் சீமெந்துப் பேப்பரில் நிற்கவைத்து, கரித்துண்டால் காலைச் சுற்றிக் கோடு போட்டார். அந்த அளவுக்குப் பூவரசங்கட்டையில் இரண்டு கால் செதுக்கினார். வள்ளம் கட்டுகிறவர்களோடு திரிந்தவர் என்பதால் அவருக்கு வேறு பாஷை தெரியாது. விரல் பக்கத்தை அணியம் என்றார், குதிப் பக்கத்தைக் கடையார் என்றார். வள்ளத்தின் முன்னும் பின்னும்தான் அவை. தண்ணீர் வழிந்து போகப் பக்கங்களில் ஓட்டை வைத்தார். புண் இருக்கும் இடத்தில், சப்பாத்தின் உள்ளடியில் ஒரு குழி விட்டார். நடக்கும்போது அந்த இடம் எதிலும் முட்டாது. இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

களிமண் அச்சு பிளாஸ்ரிக்கை அமத்தும்போது நொறுங்கியது. அதனால் அச்சையே ஈயத்தில் வார்த்தார், அடியும் மூடியுமாக, இரண்டு காலுக்கும். பிளாஸ்ரிக் இளகுகிற சூட்டில் ஈயம் இளகாது. ஈயம் ஒரு பழைய பெயின்ற் வாளியில் முக்கால்வாசி இருந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. மாமாவிடம் எப்போதும் ஏதாவது கிடக்கும்.

பிளாஸ்ரிக் சேர்ப்பது என் வேலை. உடைந்த வாளி, வெடித்த எண்ணெய்க் கலன், மூடி, சீப்பு, பேனைக் குழாய், பாட்டுக் கசெற் போடுகிற பெட்டி என்று கண்டதையெல்லாம் பொறுக்கினேன். பற்றரி கிடையாததால் பாட்டுக் கேட்பார் இல்லை. கசெற் பெட்டிகள் வேண்டிய மட்டும் கிடைத்தன. எது பாரமில்லாத பிளாஸ்ரிக் என்று கண்டுபிடிக்க மாமாவிடம் ஒரு வழி இருந்தது. வீட்டுக்குப் பின்னால், விற்காத மீனைக் கருவாட்டுக்கு ஊறவைக்கிற சீமெந்துத் தொட்டி இருந்தது. அதில் துண்டுகளைப் போடச் சொன்னார்.

"மிதக்கிறதை எடு பிள்ளை, தாழுறதை எறி. தாழுறது கால்லையும் தாழும்."

நல்ல தண்ணீருக்கு வரிசையில் நின்று குடத்தில் கொண்டுவருகிற இடத்தில், இருக்கிற தொட்டியைப் பாவிப்பதுதான் புத்தி. தண்ணிக் குழாய்த் துண்டு தாழ்ந்தது. மற்றதெல்லாம் மிதந்தது. கசெற் பெட்டியும் சீப்பும் மிதந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, அவை நான் தேடிக் கொண்டுவந்தவை.

சிரட்டைக் கரி நெருப்பில் எல்லாவற்றையும் சேர்த்து இளக்கினார். ஊற்றலாம் என்று நினைத்தது ஈயம் போல ஊற்றுப்படவில்லை, பாகுபோல இழுபட்டது. அகப்பையால் அள்ளி அச்சில் அப்பி, மூடியைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றார். பாரம் காணாது என்று என்னையும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். புகை கண்ணைக் கரித்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "என்னடாப்பா, பிள்ளையையும் சேத்து வாக்கப் போறியோ?" என்று கேட்டார்.

நீலமும் வெள்ளையும் கலந்து, வானம் மாதிரி ஒரு சோடி வந்தது. மேலே நைலோன் வலைநூலைப் பின்னி அகலப் பட்டியாகப் போட்டார். அம்மா தன் மீன் தராசில் இரண்டையும் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் ஓரா மீன்களைப் போட்டுப் பார்த்தார். மூன்று மீனுக்குத் தராசு மறுபக்கம் சரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர், அக்காவின் காலுக்குத் தம்பி இரண்டு வள்ளம் கட்டிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னார்.

நான்காம் நாள் மத்தியானம் அம்மா ஒரு மரக்கறிக்காரரின் சைக்கிள் கரியரில் வந்து இறங்கினார். ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் துணி. ஸ்ரேசன் றோட்டடியில் இடது சப்பாத்து நடுவில் வெடித்து, பிஸ்கற் போல இரண்டாகிவிட்டது. உடைந்த விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. வலது உடைந்திருந்தால் அது நேரே புண்ணுக்குள் ஏறியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

மாமா அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். ஏன் உடைந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. எல்லாவற்றையும் மிதக்கவிட்டுப் பார்த்துத்தானே போட்டது என்றார். எதில் மிதக்கவிட்டாய் என்று அம்மா கேட்டார். மாமா பின்பக்கத் தொட்டியைக் காட்டினார். அம்மா எட்டித் தொட்டியைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"டேய், அது கருவாட்டுக்கு உப்புக் காணுமோ எண்டு நான் முட்டையை மிதக்கவிட்டுப் பாக்கிற தண்ணியடா. மிதக்கட்டும் எண்டுதானே அவ்வளவு உப்பையும் கொட்டினனான். அதுக்குள்ளை நீ என்னத்தைப் போட்டாலும் மிதக்கும். நான் விழுந்தாலும் மிதப்பன்."

குருநகர் ஆம்பிளைகளுக்குக் கடல் தெரியும். கருவாட்டுத் தொட்டி பெண்களின் சங்கதி. அம்மா எழும்பி நொண்டிக்கொண்டு போய், அன்றைக்குக் குடிக்க வைத்திருந்த குடத்தைக் கொண்டுவந்து வாளியில் ஊற்றினார். முழுக் குடம். மாமா வேண்டாம் என்று கையைப் பிடித்தும் விடவில்லை. எண்ணெய்க் கலனின் துண்டு மிதந்தது. வாளித் துண்டு மிதந்தது. சீப்பும் கசெற் பெட்டியும் கல்லுப் போல அடிக்குப் போய் இருந்தன. சப்பாத்தை முறித்தது நான் பொறுக்கி வந்த கசெற் பெட்டிதான் என்று எனக்கு விளங்கியது. அடி விழும் என்று பார்த்தேன். அம்மா அந்தப் பெட்டியை எடுத்துத் துடைத்து, இதற்குள் ஊசி நூல் வைக்கலாம் என்று என்னிடம் தந்தார்.

இரண்டாவது சோடி கலனும் வாளியும் மட்டும் போட்டு வார்த்தது. நிறம் அழகில்லை, சாம்பல். ஆனால் மாமா அதை இரண்டாக மடித்தார். விட்டதும் அது நிமிர்ந்துகொண்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

பத்தொன்பதாம் நாள் டொக்டர் புண்ணைப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். ஓரம் மூடி, நடுவில் மஞ்சாடிக்கொட்டை அளவுதான் மிச்சமிருந்தது. பிறகு சப்பாத்தைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி, உள்ளே இருந்த குழியை விரலால் தடவினார். இதை எந்தக் கொம்பனி செய்தது என்று கேட்டார்.

"என்ரை தம்பி. கடலுக்குப் போறவன்" என்றார் அம்மா.

கால் தப்பியது. அந்தச் சோடியோடு அம்மா எத்தனையோ வருடம் கடகம் சுமந்தார். சண்டை நெருங்கி, ஊரே வீடுகளை விட்டு வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்த மழை நாளில் அம்மாவின் காலில் இருந்ததும் அதுதான். எத்தனையோ பேரின் செருப்பு அன்றைக்குச் சேற்றோடு போனது. ஓட்டைகளால் தண்ணீர் வழிய வழிய அம்மா நடந்தார். நான் அந்தச் சாம்பல் குதிகளைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன். கூட்டத்தில் அம்மாவைத் தவறவிடாமல் போனது அப்படித்தான். கடைசியில் பட்டிதான் அறுந்தது, அடி தேயவில்லை.

இனிச் சொல்வது அந்தக் கதையில் நான் கவனிக்காமல் விட்டது.

சப்பாத்து வார்த்த பிறகு மாமா எங்கள் வலையைக் கடலுக்குக் கொண்டுபோகவில்லை. இது பிய்ந்தால் இன்னொரு சோடி வார்க்க வேண்டும் என்று ஈய அச்சை உருக்காமல் வைத்திருந்தார். மற்றவர்களின் வள்ளத்தில் ஆளாகப் போனார். வலையுள்ளவனுக்கு வலைப்பங்கும் ஆள்பங்கும் உண்டு. வெறுங்கையோடு போகிறவனுக்கு ஆள்பங்கு மட்டும். கூட்டாளிகளோடு கதைத்துக்கொண்டு போக மாமாவுக்கு விருப்பம் என்று நான் நினைத்தேன். அம்மா அந்த நாளிலிருந்து குழம்பில் மீனின் நடுத்துண்டை மாமாவின் சாப்பாட்டுக் கோப்பையில்தான் போட்டார். அது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

வலையில் ஈயம் இருக்கும் என்பது குருநகர்ப் பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். பெயின்ற் வாளியில் ஈயம் இருந்ததும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. பிறகு எங்கேயோ ஒரு துறைமுகத்தில், மீனைத் தரம் பிரிக்கிற வேலையில் நின்றபோது, ஒரு கிழவர் தன் வலையின் தலைப்பைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன், தூக்க முடியவில்லை. முப்பத்திரண்டு வயதில், கை இரண்டும் உரமாக இருந்த காலத்தில், தூக்க முடியவில்லை. அப்படியே நின்றேன். மாமா அதற்கு முன்பே போய்விட்டார். நன்றி சொல்ல ஆளில்லை.

சப்பாத்து வார்த்த அந்த வருட மாரியில், வலை கட்டித் தொங்கவிட்ட மூலையில் கூரை ஒழுகியது. முன்பெல்லாம் அந்த வலையை இறக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். நான் வாங்குப் பலகையில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். வலை என் தோளில் ஒரு போர்வை போல வந்து விழுந்தது. தனியாகவே சுமந்துகொண்டுபோய் நனையாத இடத்தில் வைத்துவிட்டு, வாசலில் இருந்த மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மாமா, பாருங்கோ. நான் தனியத் தூக்கிப்போட்டன்."

மாமா வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, வளந்திட்டாய்" என்றார்.